கழுத்துக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து சுவரோடுதான் மல்லுக்கட்டு. நடு அறையின் பெரிய சுவரில் எந்தப் படம் என்று இயக்குநர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் எங்கே செய்யப் போகிறார்! நான் செய்துவிட்டு, அவர் செய்ததாக ஊரெல்லாம் சொல்ல வேண்டும். இந்தக் கலைக்கூடத்தில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஊசிக்காரரின் படங்கள் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டன. பழைய பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் அது, இப்போது நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். பென்சிலைத் தொடவே மாட்டார். செம்புத் தகட்டில் நேராக ஊசியால் கீறி, மை பூசி, தாளில் அழுத்தி எடுப்பார். கீறினது கீறினதுதான், அழித்துத் திருத்த முடியாது. கேலிச்சித்திரம் என்றால் மூக்கை இழுத்து, தொப்பையை ஊதிவிடுவது என்று நினைக்கிறவர்களைப் பிடித்து இழுத்து வந்து இவர் முன்னால் நிறுத்த வேண்டும். ரிப்பன் வெட்டும் பிரமுகர் ஒருவரை வரைந்திருக்கிறார். முகத்தில் கை வைக்கவே இல்லை. கத்தரிக்கோலை மட்டும் ஒரு துளி, ஒரே ஒரு துளி, பெரிதாக்கியிருக்கிறார். சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது வேறொன்றில். ‘விசாரணை நடக்கிறது’ என்று தலைப்பு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய படம். பெரிய நாற்காலியில் ஓர் அதிகாரி. எதிரில் ஒரு பெண் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் முதுகுதான் தெரிகிறது. அதிகாரி தன் விரல் நகங்களைப் பார்க்கிறார். அவ்வளவுதான். காதுக்குக் கீழே தொடங்கித் தோள் வரைக்கும் கழுத்துக்கு ஒரே கோடு, நடுவில் ஊசியை எடுக்கவே இல்லை. அந்த ஒற்றைக் கோட்டில் அந்த ஆளின் சலிப்பு முழுக்க இருக்கிறது. பெண்ணுக்கோ கோடே செலவழிக்கவில்லை. முதுகு, தளர்ந்த பின்னல், செருப்பிலிருந்து லேசாக எழும்பிய ஒரு குதிகால். எம்பி நின்று பேசுகிறாள், கேட்காதோ என்று. எப்படி ஐயா இப்படி வரைய முடியும்?

“இத்துனூண்டு படத்தையா அவ்வளவு பெரிய சுவத்துல மாட்டுவீங்க?” என்றார் இயக்குநர். ஆமாம், அதை மட்டும். கிட்டே வந்து பார்க்கட்டும். அழைப்பிதழுக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. யாராக இருந்தால் என்ன, எல்லா அலுவலகத்திலும் ஒருத்தர் இருப்பார்.

மார்ச் 6, வெள்ளி

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. முன்பக்கம் படம், பின்பக்கம் என் குறிப்பு. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் நீட்டினேன். என் பேர் அச்சில் வந்தால் அம்மா போன பிறகு காட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

எழுத்து பொடியாக இருக்கிறது என்றார். நானே உரக்க வாசித்தேன். “இவர் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் மன்னித்துவிடலாம். விழித்தபடியே இவர் அங்கே இல்லை. அதைச் சொல்ல ஒரு கழுத்து, அதில் ஒரே கோடு, போதுமாக இருக்கிறது.” முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பாராட்டுக்குத்தான், மறைப்பானேன்.

அப்பா அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லா வரைஞ்சிருக்கான்” என்றார். அப்புறம், “நீயும் நல்லா எழுதியிருக்கேம்மா.” எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

முழங்கால் வலியாம். திறப்பு விழாவுக்கு வர முடியாதாம். என் எல்லாக் கண்காட்சிக்கும் முதல் ஆளாகச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்கிற மனிதர்! நேற்றுவரை படிக்கட்டில் என்னை முந்திக்கொண்டு ஏறினாரே? டாக்டரிடம் போகலாம் என்றால் வேண்டாம் என்கிறார். பிடிவாதம் பிடித்தால் அப்பாவை அசைக்க முடியாது.

மார்ச் 11, புதன்

அப்பா சவரம் செய்யவில்லை. நான்கைந்து நாளாகவே செய்யவில்லை போலிருக்கிறது, எனக்கு இன்றுதான் கண்ணில் பட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள்கூட விடிந்ததும் சவரம் செய்துகொண்டவர். “என்னப்பா, காதல் தோல்வியா?” என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

தம்பிக்கு ஃபோன் செய்தேன். “வயசாச்சுல்ல, விடுக்கா” என்றான். அவனுக்கு எல்லாமே விடுக்காதான்.

மார்ச் 13, வெள்ளி

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால் மனம் அடங்குமா பார்க்கிறேன்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஊசிக்காரர் இன்று சில மூலத் தகடுகளைக் கொண்டுவந்தார். துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி. ‘விசாரணை நடக்கிறது’ தகடும் இருந்தது. விளக்கடியில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன், கீறலில் தங்கிப்போன மையில் படம் துலக்கமாகத் தெரிந்தது.

அதில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

சந்தேகமே இல்லை. அம்மாவோடு மாலையும் கழுத்துமாக நிற்கும் ஃபோட்டோவில் இருக்கிற அதே மீசை, அதே வகிடு. இடது கண்ணுக்குக் கீழே மச்சம். காது. ஐயோ, அந்தக் காது! நான் சின்ன வயசில் பிடித்து இழுத்து விளையாடின காது.

தகட்டில் வரைந்தது தாளில் விழும்போது இடம் வலமாகத் திரும்பிவிடும். இது எனக்கு அரிச்சுவடி மாதிரி, வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பாடம் எடுக்கிறேன். தாளில் மச்சம் வலது பக்கம், வகிடு வலது பக்கம். அதனால் யாரோ ஒருத்தராகத் தெரிந்தார். பெற்ற அப்பனை அடையாளம் தெரியாமல் பத்து நாளாகப் புகழ்ந்து தள்ளியிருக்கேன். அட்டையில அச்சடிச்சு ஊர் பூரா அனுப்பியிருக்கேன்.

ஊசிக்காரரிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், “இவர் யாருங்க?” என்று கேட்டேன்.

“ஆலைக் கூரை இடிஞ்சு விழுந்து அத்தன பேரு செத்தாங்கல்ல, அதுக்கு விசாரணை அதிகாரியா போட்டாங்களே, அந்த மனுஷன்மா. பேரு மறந்துபோச்சு. கழுத்து மறக்கல. கேமரா விடமாட்டாங்க, நான் மடியில பேப்பருக்கு அடியில தகட்ட வெச்சுக்கிட்டுப் போட்டேன்.”

“தாள்ல முகம் திரும்பிடுமே, சரி பண்ண மாட்டீங்களா?”

“தலைப்ப மட்டும் திருப்பி எழுதுவேன், இல்லேன்னா படிக்க முடியாதே. மூஞ்சி திரும்பினா நல்லதுதானே? ஒரு பயலும் வழக்குப் போடல!” சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 14, சனி

அப்பாவுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் காலையில் எழும்போது நினைத்துக்கொண்டேன். எனக்கே தெரியவில்லையே. கண்பார்வையும் மங்கல்.

பிறகு கண்ணாடி முன் நின்று தலை வாரினேன். சீப்பு பாதியில் நின்றுவிட்டது.

நமக்கு நம் முகம் எப்படித் தெரியும்? கண்ணாடியில் தெரிகிற மாதிரிதான். இடம் வலமாகத் திரும்பி. தாளில் விழுந்திருக்கிற முகம், அப்பா ஆயுள் முழுக்க நின்று சவரம் செய்துகொண்ட முகம். உலகத்தில் வேறு யாருக்கும் அது யாரென்று தெரியாமல் போகலாம். அவர் ஒருத்தருக்கு, பார்த்த மாத்திரத்தில்.

அதனால்தான் பசியில்லை. அதனால்தான் முழங்கால். அதனால்தான் கண்ணாடி முன்னால் போய் நிற்பதில்லை. நான் வாசித்துக் காட்டினேனே, வரிவரியாக, ஏற்ற இறக்கத்தோடு! காதல் தோல்வியான்னு வேற கேட்டேன். என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மார்ச் 15, ஞாயிறு

தம்பியை வரவழைத்து மொட்டைமாடியில் வைத்துச் சொன்னேன். அழைப்பிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கைபேசியில் படம் பிடித்து, படத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

“யாருக்கும் தெரியாது. அந்தாளுக்கே பேரு ஞாபகமில்ல. நீ வாயைத் திறக்காம இரு, கண்காட்சி முடிஞ்சா போச்சு.”

“அப்பாவுக்குத் தெரியும்டா.”

“தெரியட்டும். அவரும் வாயைத் திறக்க மாட்டாரு.” கொஞ்சம் பொறுத்து, “நம்மகிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பாரு” என்றான்.

அதுதான். அதுதான் எனக்கும் ஆறவில்லை. சின்ன வயசில் நாங்கள் ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் குறுக்கே புகுந்தால் அப்பா அந்த விசாரணையைத்தான் இழுப்பார். “வந்த அத்தன பேரும் சொன்னத நான் காது கொடுத்துக் கேட்டேன். ஒருத்தரையும் பாதியில நிறுத்தச் சொல்லல. மனுஷன் பேசினா மனுஷன் கேக்கணும்.” எதிராளி பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று நான் இன்றைக்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது அது? அப்பாவிடமிருந்து. நிஜமாகவே கேட்டாரா, இல்லை அப்படி நம்பிக்கொண்டாரா? எது மோசம்?

மார்ச் 16, திங்கள்

கலைக்கூடம் விடுமுறை. தனியாகப் போனேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன், ஒரு தப்பாவது கிடைக்காதா என்று. ஒரு கோணல் கை, பொய்யான நிழல், சோம்பேறித்தனமாக இழுத்த கோடு. இந்த ஆளுக்கு வரையவே தெரியாது என்று சொல்லிவிட ஏதாவது.

நாற்காலியின் பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. கண்டுபிடித்துவிட்டேன்! தப்பு!

சீ. என்ன பிழைப்பு இது. ஒரு நாற்காலிக் காலை வைத்து அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறேன். கழுத்துக் கோடு அப்படியே இருக்கிறது, முன்பைவிட அழகாக. ஊசி கிளப்பின செம்புப் பிசிறில் தங்கின மை வெல்வெட் மாதிரி படிந்திருக்கிறது. நன்றாக இல்லை என்று சொல்ல என் கண் சம்மதிக்கவில்லை. அழுதுவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

விடவில்லை நான். ஊசிக்காரர் சட்டங்களைச் சரிபார்க்க வந்தபோது கேட்டே விட்டேன். “ஒரு மனுஷன் ஒரு நிமிஷம் நகத்தப் பாத்திருக்கலாம். அத மட்டும் பிடிச்சுப் போட்டுட்டு, நாள் முழுக்க அப்படித்தான் இருந்தாருன்னு சொல்றது நியாயமா?”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை.

“பேனான்னா ஒரு நிமிஷம் போதும்மா. இது செம்பு. ஊசி நத்தை மாதிரிதான் நகரும், மேல அழுத்தி, நிறுத்தி நிதானமா. அந்தக் கழுத்து ஒரே கோடுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஒரே கோடா வரணும்னா அவரு அசையாம இருந்தாத்தான் வரும். அந்தப் பொம்பள பேச ஆரம்பிச்சப்ப நான் தொடங்கினேன். அவ அழுதுகிட்டே வெளிய போனப்பதான் முடிச்சேன்.”

நான் வியந்து வியந்து எழுதின அதே கோடு அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

மார்ச் 18, புதன்

காகிதம் பழையது, நடு அறை வெளிச்சம் தாங்காது என்று இயக்குநரிடம் ஒரு பொய். பெரிய சுவருக்கு ரிப்பன் வெட்டுகிறவர் வந்துவிட்டார். ‘விசாரணை’ கடைசி அறையில், கதவைத் திறந்தால் மறைந்துவிடுகிற மூலையில். அதன் கீழ் மாட்டும் குறிப்பையும் மாற்றினேன்: “பணிக்கிடையே சற்று ஓய்வாக ஓர் அதிகாரி. நேர்த்தியான கோடுகள்.”

“நேர்த்தியான கோடுகளாம். உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றார் இயக்குநர். தலைவலி என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

திறப்பு விழா. கூட்டம். சிரிப்புச் சத்தம். எந்த அறையிலிருந்து சிரிப்பு வந்தாலும் திடுக்கென்றது.

மார்ச் 22, ஞாயிறு

உப்புப் போதுமா, மின்விசிறியைக் கூட்டவா, இவ்வளவுதான் வீட்டில் பேச்சு. நரைத்த தாடியில் அப்பா யாரோ போல இருக்கிறார். அவர் மேல் கோபம் வருகிறது, கோபப்பட்டதற்கு என் மேல் கோபம் வருகிறது, இரண்டும் சேர்ந்து பாத்திரங்களின் மேல் இறங்குகிறது. “மெதுவாம்மா” என்றார் உள்ளேயிருந்து.

கேட்டுவிடலாமா? கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டால்? பொய் சொல்கிற அப்பாவை என்னால் தாங்க முடியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 25, புதன்

மதியம், கூட்டமில்லாத நேரம். நிமிர்ந்து பார்த்தால் அப்பா வாசலில். இஸ்திரிச் சட்டை. மழமழவென்று சவரம் செய்திருந்தார், தாடையில் ஒரு வெட்டு. என்னிடம் எதுவும் கேட்காமல் அறை அறையாகப் போனார். பின்னாலேயே போனேன். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, பார்த்து, நகர்ந்தார். கடைசி அறையில் கதவை விலக்கினார்.

“கதவுக்குப் பின்னாடி போட்டிருக்கே.”

குனிந்து குறிப்பைப் படித்தார். “ஓய்வாவா?” என்றார். “கார்டுல நீ எழுதினது இது இல்லையே.”

“அப்பா, அது நீங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா...”

“தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டே. தெரியாம எழுதினதாலதான் சரியா எழுதினே.” படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ குதிகால் தூக்கி நிக்கிறா பாரு. அத நான் அன்னிக்குப் பாக்கவே இல்ல. இவன் பின்னாடி எங்கியோ உக்காந்துட்டுப் பாத்திருக்கான். நான் எதுத்தாப்புல இருந்தேன்.”

சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவினார்.

“நீ கார்டு கொண்டு வந்த நாள்லேருந்து யோசிக்கிறேன். மத்தவங்க சொன்னது அங்கங்க ஞாபகம் வருது. கூரைல விரிசல் விட்டிருந்தத ஒருத்தன் சொன்னான், மேஸ்திரிகிட்டச் சொல்லியும் கேக்கலேன்னு ஒருத்தன் சொன்னான். இந்தப் பொம்பள என்ன சொன்னான்னு மட்டும் எனக்கு ஞாபகமே இல்லம்மா. எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன். ஒரு வார்த்தைகூட வரல. அறிக்கைல என்ன எழுதினேன்கிறது மட்டும் நல்லா ஞாபகமிருக்கு. ‘இந்தச் சாட்சி புதிதாக எதுவும் கூறவில்லை.’”

குரல் உடைந்துவிட்டது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை, அம்மா போனபோதுகூட. தோளைத் தொட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, தொட்டுக்கொண்டே நின்றேன்.

அப்போது இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள், கல்லூரி வயசு. படத்தைக் குனிந்து பார்த்ததும் ஒருத்தி, “ஐயோ, இந்தாள் மூஞ்சியப் பாரேன்! எங்க ஆபீஸர் அங்கிள் இப்படித்தான் உக்காந்திருப்பாரு” என்று சிரித்தாள். மற்றவளும் சிரித்தாள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது நான்தான்மா” என்றார்.

அவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்தார்கள். மறுபடியும் சிரிப்பு. “சார் செம ஜோக் அடிக்கிறீங்க.”

“ஜோக் இல்ல. பாருங்க, மச்சம்.”

“படத்துல மச்சம் அந்தப் பக்கம்ல இருக்கு!” என்றாள் முதலாமவள், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில். “வகிடும் வேற. மாட்டிக்கிட்டீங்க!”

“இல்லம்மா, நான் சொல்றதக் கேளுங்க, நான்தான் அங்க...” அப்பா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் அதற்குள் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது, வாயைத் திறக்காதே என்று. திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் அந்தச் சிரிப்போடு முடிந்துபோயிருக்கும். யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

“ஒரு நிமிஷம் நில்லுங்க” என்றேன். அவர்கள் நின்றார்கள். “அச்சுல எடுக்கும்போது படம் திரும்பித்தான் விழும். மச்சம் அதனாலதான் அந்தப் பக்கம். அவர் சொல்றது நிஜம். அவர்தான் அது. எங்க அப்பா.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களில் ஒருத்தி “சாரி சார்” என்றாள்.

“எனக்கு எதுக்குமா சாரி?” என்றார் அப்பா. “கிட்ட வந்து பாருங்க. அந்தப் பொம்பள எப்படி நிக்கிறா பாருங்க.”

மார்ச் 26, வியாழன்

படத்தை நடு அறைக்கு மாற்றியாயிற்று. வெளிச்சம் பற்றி இயக்குநர் கேட்டார். நான் சொன்னது பொய், எங்கள் அப்பாவின் படம், அதனால் ஒளித்தேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்தான்.

தம்பி ஃபோனில் கத்தினான். கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

ஊசிக்காரரிடம் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் இருந்த தகட்டைப் போய்ப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். ஆலையில் அவள் தங்கை வேலை பார்த்தாள் என்பதுவரைதான் அவருக்குத் தெரியும். பேச்சு அவர் காதிலும் சரியாக விழவில்லையாம். “நான் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்மா” என்றார், ஒரு மாதிரிக் குரலில்.

மார்ச் 31, செவ்வாய்

அப்பா இன்றும் வந்தார். யாராவது அந்தப் படத்தின் முன்னால் நின்றால் பக்கத்தில் போய் நிற்கிறார். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் சொல்கிறார். பாதிப் பேர் நம்புவதில்லை. நான் மேசையிலிருந்து எழுந்து போய், ஆமாம், அவர்தான் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.